அவசரப் பட்டியல்

அத்தியாயம் 14

கோதண்டம் விரித்துப்போட்ட சீட் கவர் துணியைக் காஞ்சனா இரண்டு விரலால் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள். விட்ட பிறகும் சுருக்கம் அப்படியே நின்றது.

"இது ஆறு மாசம் தாங்காது. வேற எடுப்பா."

"அக்கா, எல்லாரும் கேட்டு வாங்கினு போறது இதுதான்."

"எல்லாரும் தறி ஓட்டறாங்களா? நான் ஓட்டறேன். வேற எடு."

கோதண்டம் வாயை மூடிக்கொண்டு ஏணியில் ஏறினார். திருத்தணி சித்தூர் சாலையில் கார் சாமான் கடை போட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. துணியை முறுக்கிப் பார்த்து சீட் கவர் வாங்குகிற ஆளை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காஞ்சனாவின் கணவர் ராஜகோபால் நிமிஷத்துக்கு ஒரு தடவை சாலையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆந்திராவில் இருக்கிற நகரியிலிருந்து சம்பந்தி வரவேண்டும். அவரை வரச் சொன்னதே ராஜகோபால்தான்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த மனிதர் பண்ணிவைத்த கூத்து தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

அம்மையார்குப்பத்துச் சேலைகளைக் கண்காட்சி கண்காட்சியாகத் தூக்கிப்போய் விற்றவர்கள் காஞ்சனாவும் மகள் சினேகாவும். வாடகை வண்டிக்காரர்களிடம் பேச்சு வாங்கி அலுத்துப்போய், இரண்டு வருஷ சம்பாத்தியத்தில் சொந்தமாக ஒரு எஸ்.யூ.வி. வாங்குகிறார்கள். ஷோரூம் அலைச்சலை மட்டும் ராஜகோபாலிடம் ஒப்படைத்தார்கள். அங்கேதான் வந்தது வினை. 'இந்த வண்டி மாப்பிள்ளைக்குச் சீர்' என்று அவராக முடிவு கட்டிவிட்டார்!

ஏன் என்றால், கல்யாணப் பேச்சு நடந்தபோது அவர் மாப்பிள்ளையின் அப்பா நகரி வெங்கடேசனிடம், "கார் கீர் ஏதாவது எதிர்பாக்கறீங்களா?" என்று கேட்டு வைத்தார். வெங்கடேசன் சிரித்துக்கொண்டே, "காரா? அவசரம் இல்லீங்க" என்றார்.

அவசரம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? மெதுவாகக் கொடுங்கள் என்றுதானே! வேண்டாம் என்கிறவர் வேண்டாம் என்றல்லவா சொல்லியிருப்பார்? அன்றிலிருந்து ராஜகோபாலுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் போகிற வீட்டில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டுமே என்ற பயம் அவருக்கு.

நேற்று விஷயம் சினேகாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை, கத்தவில்லை. அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"காரை வாங்கிகினு தாலி கட்றவன் எனக்கு வேணாம்மா. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். அவங்க கேட்டாங்களா இல்லையான்னு நீ தெரிஞ்சிகினு வந்து சொல்லு. கேட்டிருந்தாங்கன்னா நானே போன் போட்டு முடிச்சிடறேன்."

சொன்னால் செய்கிற பெண். மாப்பிள்ளை கௌதமனை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும் காஞ்சனாவுக்குத் தெரியும்.

ஆனால் கலங்கி உட்கார்ந்துவிடுகிற ஜாதியில்லை காஞ்சனா. காலையில் பஸ் ஏறும்போதே அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. நேரே கேட்டால் பெண் வீட்டார் சண்டைக்கு வந்ததாகிவிடும். கேட்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஒரு மனுஷன் ஒரு வண்டிக்கு என்னென்ன மாட்டச் சொல்கிறான் என்று பார்த்தால் போதும், அதை யாருடைய வண்டி என்று நினைக்கிறான் என்பது தெரிந்துவிடும். மகனுக்கு வருகிற வண்டி என்றால் கண் தானாக அலாய் வீலுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் போகாதா?

"நீ வாயத் தொறக்காத காஞ்சனா" என்றார் ராஜகோபால், பத்தாவது முறையாக. "அவரு சொல்றத சொல்லட்டும். நான் எழுதிக்கறேன்."

"நான் எதுக்கு வாயத் தொறக்கறேன்? காதத் தொறந்து வச்சினு உக்காந்திருக்கேன், அவ்ளோதான்."

ஷோரூமில் கொடுத்த அச்சடித்த பட்டியலை அவள் மடியில் விரித்தாள். கம்பெனியே மாட்டிக் கொடுக்கிற சாமான்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. அதில் பாதி கோதண்டம் கடையிலும் கிடைக்கும். எதை அங்கே மாட்டுவது, எதை இங்கே மாட்டுவது என்பதற்கு அவள் வைத்திருந்த கணக்கு ரொம்பச் சுலபம். ஒயரை வெட்டிச் சேர்க்க வேண்டியது எதுவானாலும் கம்பெனியில்தான் மாட்ட வேண்டும், வெளியாள் கை வைத்தால் வாரண்டி போய்விடும். சும்மா விரிக்கிறது, ஒட்டுகிறது, செருகுகிறது எல்லாம் வெளியே வாங்கிக்கொள்ளலாம்.

"ரிவர்ஸ் கேமரா, டேஷ் கேமரா ரெண்டும் ஷோரூம்" என்று டிக் அடித்தாள். "கால் மேட்டு இங்க. சீட் கவர் இங்க. ஆனா பாரு கோதண்டம், இந்த வண்டி சீட்டுக்குள்ளயே சைடுல ஏர்பேக் இருக்குதாம். அந்த எடத்துல தையல் பிரியற மாதிரி இருக்கற கவர்தான் வேணும். மூடித் தச்சிருந்தா, அடிபடற நேரத்துல பை எப்படி வெளிய வரும்?"

"அக்கா, நீங்க கடை வச்சா நான் மூடிட்டுப் போயிட வேண்டியதுதான்."

அந்த நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

வெங்கடேசன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஹேண்டிலில் தொங்கிய மாங்காய்ப் பையை எடுத்துக் காஞ்சனாவிடம் நீட்டினார். ஒல்லியான மனிதர். பத்து வருஷம் ஜீப் வைத்து நூல் மூட்டை ஏற்றியவர். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும், படித்தது, பழகியது, வியாபாரம் பண்ணியது எல்லாம் தெலுங்கில்.

"வணக்கம் சம்பந்தியம்மா. லேட்டாயிடுச்சா? எல்லைல லாரிங்க நின்னுகினு இருந்தது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. நேரே மாதிரிக்கு மாட்டி வைத்திருந்த சாமான்களிடம் போய், ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். ராஜகோபால் நோட்டைத் திறந்துகொண்டு பின்னாலேயே ஓடினார். நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் 'இப்போது', மறுபக்கம் 'அப்புறம்' என்று எழுதி வைத்திருந்தார்.

"முன்னாடி பம்பருக்குக் கம்பி போட்டுடலாமா சார்?" என்றார் கோதண்டம்.

"அவசரம் இல்லீங்க."

ராஜகோபால் 'அப்புறம்' பக்கத்தில் எழுதினார்.

"பெரிய அலாய் வீல்?"

"அதுவும் அவசரம் இல்லீங்க."

'அப்புறம்'.

"உள்ள கலர் கலரா லைட் எரியறது இருக்குது. பசங்க விரும்புவாங்க. பெரிய ஸ்பீக்கர் செட்டு இருக்குது."

"எதுக்குங்க... அவசரம் இல்ல."

'அப்புறம்', 'அப்புறம்'. ராஜகோபாலின் நெற்றியில் வேர்வை பூத்தது. மெதுவாகப் பின்வாங்கி மனைவியின் காதருகே குனிந்தார்.

"பாத்தியா? ஒண்ணையாவது வேணாங்கறாரா பாரு! எல்லாம் அப்புறமா வரட்டுமாம். தலை தீபாவளிக்கு ஒண்ணு, பொங்கலுக்கு ஒண்ணுன்னு வாங்கிக்கலாம்னு பாக்கறாரு. நல்லா அமைஞ்சாங்க நமக்கு!"

காஞ்சனாவுக்கும் சந்தேகம் தட்டியது. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர் இப்படிப்பட்டவரா? சாயங்காலம் சினேகாவின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

அப்போது வெங்கடேசனின் குரல் சட்டென்று உயர்ந்தது.

"ஆங், மட் பிளாப்! இது அவசரம்ங்க. நாலு சக்கரத்துக்கும் போடணும்."

ராஜகோபால் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி, 'இப்போது' பக்கத்தில் எழுதினார். காஞ்சனா நிமிர்ந்து பார்த்தாள். சேறு அடிக்காமல் இருக்க மாட்டுகிற ரப்பர் துண்டுக்கு என்ன அப்படித் தலைபோகிற அவசரம்? மழைக்காலம்கூட இல்லையே!

"ஏறி இறங்க சைடுல படி வருது பாருங்க, இது ரொம்ப அவசரம்" என்று வெங்கடேசன் அடுத்ததைக் காட்டினார். "வண்டி ஒசரமா இருக்குது. சம்பந்தியம்மா புடவை கட்டிகினு ஏறணும். கைல சேலை பண்டல் வேற இருக்கும். கால் சறுக்கிச்சின்னா இன்னா ஆவறது? இத வெளிய வாங்காதீங்க, கம்பெனிலயே போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்க."

காஞ்சனாவின் கையிலிருந்த பேனா நின்றது.

என் புடவையா? என் கையில் பண்டலா?

"பின் சீட்ட மடிச்சிட்டு ரெக்சின் விரிப்பு ஒண்ணு போட்டுடுங்க, அதுவும் அவசரம். சேலைல அழுக்கு ஒட்டக்கூடாது பாருங்க" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

இந்த மனிதர் தன் மகனுடைய வண்டிக்குச் சாமான் பார்க்கவில்லை. என்னுடைய வண்டிக்குப் பார்க்கிறார்! காஞ்சனா பட்டியலை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். கணவர் கண்ணாலேயே 'வேண்டாம்' என்று கெஞ்சியதை அவள் பார்த்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி நேரே போய் நின்றாள்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. படி அவசரம்னு சொன்னீங்களே, அவசரம்னா இன்னா?"

வெங்கடேசன் விழித்தார். "அவசரம்னா... அவசரம்தாங்க. வேணும். இல்லாம முடியாது."

"அப்போ பம்பர் கம்பி அவசரம் இல்லன்னா?"

"வேணாம். எதுக்கு அது? போலீஸ்காரன் கையக் காட்டி நிறுத்துவான்."

"சரி. அன்னிக்கு எங்க வூட்ல உக்காந்து, கார் அவசரம் இல்லன்னீங்களே?"

"ஆமாங்க, வேணாம்னுதான் சொன்னேன். பொண்ணு குடுக்கறீங்க, அதுக்கு மேல எங்களுக்கு எதுக்குங்க காரு?"

ராஜகோபாலின் கையிலிருந்து நோட்டு நழுவிக் கீழே விழுந்தது.

"ஐயோ முருகா!" என்று அவர் தலையில் மடேர் என்று அடித்துக்கொண்டார். "தெலுங்குல 'அவசரம்'னா 'தேவை'ன்னுதானே அர்த்தம்! நூல் கடையில தெலுங்குக்காரங்ககிட்ட வேணாம்னு சொல்ல நானே தெனமும் பத்து வாட்டி 'அவசரம் லேது, அவசரம் லேது'ங்கறேனே!"

"தெலுங்குல சொல்லியிருந்தா உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்" என்றாள் காஞ்சனா. "அவரு தமிழ்லதானே சொன்னாரு!"

விஷயம் புரிய வெங்கடேசனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் அவர் முகம் சிறுத்துப்போயிற்று. "என்னை கார் கேக்கற ஆளுன்னு நெனச்சிட்டீங்களா? இத்தினி நாளா?" என்றார். ராஜகோபால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்பதைத் தவிர வேறு வார்த்தை வராமல் நின்றார். கோதண்டத்துக்குத்தான் அடக்க முடியவில்லை. சீட் கவருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அதைப் பார்த்து வெங்கடேசனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சினேகா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது பெரியவர்கள் மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாம்மா ஆச்சி? நைனா ஏன் அழுதுகினே சிரிக்கறாரு?"

காஞ்சனா சொன்னாள். சினேகா கேட்டாள். நம்பாமல் வருங்கால மாமனாரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அங்கே கிடந்த டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்து, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நேற்றிலிருந்து பட்டினி கிடந்த பெண், பையிலிருந்து ஒரு மாங்காயை எடுத்துத் தோலோடு கடித்தாள். மகள் சாப்பிடுவதைப் பார்த்த பிறகுதான் காஞ்சனாவுக்கு மூச்சே சரியாக வந்தது.

"போதும் போதும், எல்லாரும் வேலையப் பாருங்க. மணி நாலாவுது. பட்டியல இப்போ சொன்னாத்தான் வெள்ளிக்கிழமை டெலிவரி. டெலிவரி எடுத்து அப்படியே மலை மேல முருகன் கோயில்ல பூஜை" என்று அவள் ஷோரூமுக்குப் போன் போட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்தது மோனிகா, ஷோரூமில் பட்டியல் எழுதிக்கொள்கிற பெண்.

"எழுதிக்கோம்மா. ரெண்டு கேமரா. சைடு படி. மட் பிளாப் நாலு. மீதி எல்லாம் நான் வெளிய பாத்துக்கறேன். அந்த ஸ்பீக்கர், கலர் லைட்டு எல்லாத்தையும் அடிச்சிடு."

"ஓகே மேடம். பில்லு கௌதமன் சார் பேர்லயே போட்டுடட்டுமா?"

காஞ்சனாவுக்குப் புரியவில்லை. "எந்தக் கௌதமன்?"

"வண்டி ஓனர் மேடம். உங்க மாப்பிள்ளை. போன வெள்ளிக்கிழமை வந்து ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டுப் போனாரே!"

சினேகா மாங்காயைக் கடிப்பதை நிறுத்தினாள்.

காஞ்சனா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். ராஜகோபால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் மாப்பிள்ளைக்கு போன் பண்ணி வரச் சொன்னேன்" என்றார். "சம்பந்திக்கும் தெரியும்னு நெனச்சினு இருந்தேன் காஞ்சனா."

"எம் பையனா? இங்க வந்தானா?" வெங்கடேசனின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "வெள்ளிக்கிழமை டூட்டின்னுல்ல சொன்னான் எங்கிட்ட!"

அப்பா கேட்கவில்லை. ஆனால் பிள்ளை வாங்கிக்கொண்டான். இதை யார் எந்த பாஷையில் சொன்னாலும் ஒரே அர்த்தம்தான் என்று காஞ்சனாவுக்குப் பட்டது. ஆனாலும் அவள் தடுமாறவில்லை.

"மோனிகா, பேப்பர் ஆர்.டி.ஓ.வுக்குப் போயாச்சா?"

"இல்ல மேடம். நாளைக்குக் காலைல பத்து மணிக்குத்தான் அனுப்புவோம். அதுக்குள்ள அவரே நேர்ல வந்து எழுதிக் குடுத்தா பேர மாத்திடலாம். வேற யாரும் மாத்த முடியாது."

போனை வைத்ததும் வெங்கடேசன் சட்டைப் பையில் கையை விட்டார். "இருங்க, நான் கேக்கறேன் அந்தக் கழுதைய" என்று போனை எடுத்தார். சினேகா எழுந்து வந்தாள். மாங்காய்க் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. நான் கேக்கறேன்."

காஞ்சனா தடுக்கவில்லை. அவள் கல்யாணம், அவள் கேட்கட்டும். மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள், அவ்வளவுதான். இரண்டாவது மணியிலேயே கௌதமன் எடுத்துவிட்டான். அவன் குரலில் சந்தோஷம் பொங்கியது.

"சினேகா! உங்கப்பா சொல்லிட்டாரா? சர்ப்ரைஸ்னு சொன்னாரு, அதான் நான் வாயத் தொறக்கல. கலர் எப்படி? சிவப்பு நான்தான் சொன்னேன்!"

"கையெழுத்து போட்டியே, அது யாரு வண்டின்னு தெரியுமா?"

"இன்னா கேள்வி இது? நம்ம வண்டி."

"நானும் எங்கம்மாவும் ரெண்டு வருஷம் தோள்ல சேலை மூட்டை தூக்கி வாங்கின வண்டி. உனக்கு அது தெரியும். தெரிஞ்சும் ஏன் போட்ட?"

கௌதமனின் குரல் இறங்கியது.

"மாமாதான் ஆசையா குடுத்தாரு... வேணாம்னா அவரு மனசு கஷ்டப்படும்னு..."

"என் மனசு?"

சினேகாவின் கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் கொஞ்சமும் அசையவில்லை.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு ஷோரூம் தொறப்பாங்க. நான் அங்க இருப்பேன். நீ வந்து, என் பேர எடுத்துடுங்கன்னு உன் கையால எழுதிக் குடு. அப்புறம் நாம ஒக்காந்து பேசலாம்."

"நாளைக்கு காலைல ஷிப்ட் இருக்குது சினேகா. ரெண்டு நாள் கழிச்சி..."

"பத்து மணி வரைக்கும் இருப்பேன். வரலன்னா வண்டிய நீயே வச்சிக்கோ. அதுல ஏறி உக்கார நான் வருவேன்னு மட்டும் நெனைக்காத."

அவள் போனை வைத்தாள்.

ராஜகோபால் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். வெங்கடேசன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசலுக்குப் போய் மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

"நான் இப்பவே போறேம்மா. காதப் புடிச்சி இழுத்துகினு வந்து ஒம்பது மணிக்கு அங்க நிறுத்தறேன். நீ கவலப்படாத."

சினேகா குறுக்கே வந்து, அவர் வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நல்லவருன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சி மாமா. அது போதும். அவரக் கூட்டினு வராதீங்க, ஒண்ணும் சொல்லவும் சொல்லாதீங்க. அவரா வராரான்னு நான் பாக்கணும்."